சைபர் கோடு

ஏரி வேலைக்கு முதல் சனிக்கிழமை கிளம்பியபோது ரப்பர் பூட்ஸ் அவளுடைய முழங்காலைத் தாண்டி ஏறியிருந்தது. அண்ணன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பூட்ஸ் தனியா நடந்து போகுது. உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டான். அடுப்படியிலிருந்து அண்ணி சிரிக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு வயது இருபது. உருவம் மட்டும் பதிமூன்றோடு நின்றுவிட்டது. சின்ன வயதில் அண்ணன் வைத்த 'வாண்டு' என்ற பெயர் வீட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கல்லூரி வரைக்கும் அவளோடு போயிருந்தது.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளை வளர்த்தது அண்ணன்தான். பதினோரு வயது மூத்தவன். ஏரிக்கரையில் இருந்த குடிநீர் பம்ப் ஹவுஸில் ஃபிட்டர் வேலை. சுற்றுச்சூழல் அறிவியல் மாணவர்களுக்கு அந்த ஏரியிலேயே களப்பணி என்று துறையில் முடிவானபோது, படகை எங்கே கட்டுவது, கருவிகளை எங்கே வைத்துப் பூட்டுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் வாண்டுவிடமே பதில் இருந்தது.

குழுவில் மூன்று பேர். வகுப்பிலேயே உயரமான நெட்டை துடுப்புப் போடுவான். ரேடியோ என்று எல்லாரும் கூப்பிட்ட பெண் கருவியை இறக்கி ஏற்றுவாள். அவள் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. வாண்டு எண்களை எழுதுவாள். அவர்களோடு வந்த விரிவுரையாளர் முப்பது வயதைத் தொட்டவர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அவரை மேடம் என்றார்கள்.

வேலை பார்ப்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. ஏரியின் நடுவில் படகை நிறுத்த வேண்டும். நீளமான ஒயரின் நுனியில் கைப்பிடி அளவு உலோகக் குழல் ஒன்று. அதைத் தண்ணீரில் இறக்க வேண்டும். ஒயரில் மீட்டருக்கு ஒரு சிவப்பு நாடா ஒட்டியிருந்தது. ஒவ்வொரு நாடாவும் தண்ணீரைத் தொடும்போது நிறுத்தி, கையிலிருக்கும் பெட்டியின் திரையில் தெரிகிற இரண்டு எண்களைப் படிக்க வேண்டும். ஒன்று தண்ணீரின் சூடு. இன்னொன்று தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன்.

ஆக்சிஜன் மேலே எட்டு இருந்தது. கீழே போகப் போகக் குறைந்தது. ஒன்பதாவது நாடா தண்ணீருக்குள் போனதும் எண் சரிந்து சைபரில் நின்றது. ரேடியோ பெட்டியைத் தட்டிப் பார்த்தாள்.

"தட்டாத, அது சரியாத்தான் காட்டுது," என்றார் மேடம். "இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி, காத்தும் இல்ல. மேல இருக்கற வெதுவெதுப்பான தண்ணி ஒரு மூடி மாதிரி உக்காந்துடுச்சு. கீழ இருக்கற குளிர்ந்த தண்ணிக்கு மூச்சே கிடைக்கல. செத்த பாசியெல்லாம் அடியில போய் அழுகுது. இருக்கற கொஞ்சநஞ்சத்தையும் அது தின்னுடுது."

"அப்ப அங்க மீன் இருக்காதா மேடம்?" என்று கேட்டான் நெட்டை.

"ஒண்ணும் இருக்காது."

வாண்டு வரைபடத் தாளில் ஒன்பது மீட்டருக்கு நேராகச் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். அதற்குச் சைபர் கோடு என்று நெட்டை பெயர் வைத்தான்.

கரைக்குத் திரும்பியதும் பம்ப் ஹவுஸில் டீ கிடைத்தது. அதைப் போட்டுக் கொடுத்தவர் ஆபரேட்டர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்த மனிதர். வாண்டுவின் அண்ணனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான், ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அவருடைய இரண்டு மோட்டார்களுக்கும் மூத்த மருமகள், இளைய மருமகள் என்று பெயர். "பெரியவ கத்துவா, ஆனா வேல செய்வா. சின்னவ கத்தவும் மாட்டா, வேலயும் செய்ய மாட்டா," என்று ரேடியோவுக்கு அறிமுகம் செய்துவைத்தார். மாணவர்களுடைய வரைபடத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏரிக்கு நாடி பாக்குறீங்களா? நல்லாப் பாருங்க. எனக்கு முன்னாடி அது போயிடக் கூடாது," என்றார்.

மோட்டார் அறைக்கு அடுத்து ஜன்னல் இல்லாத சின்ன அறை ஒன்று இருந்தது. அதன் தரையில் சதுரமான இரும்பு மூடி. அதன் கீழே கிணறு. ஏரிக்குள் நீட்டிய குழாய் வழியாக வரும் தண்ணீர் முதலில் இந்தக் கிணற்றில்தான் விழும். ஒரு பெரிய கம்பிச் சல்லடையைக் கடந்த பிறகு மோட்டார் அதை உறிஞ்சி மேலே அனுப்பும். மூடியைத் திறந்து ஒரு முட்டுக்கம்பியில் நிறுத்திவிட்டு, ஆறு மீட்டர் ஏணியில் இறங்கி, வாரத்துக்கு ஒருமுறை சல்லடையைச் சுத்தம் செய்வார்கள்.

இரண்டாவது சனிக்கிழமை கோடு எட்டு மீட்டருக்கு வந்திருந்தது. அன்றைக்கு அடித்தண்ணீரை ஒரு குப்பியில் பிடித்து மேலே எடுத்தார்கள். மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் படகு முழுக்கப் பரவியது. ரேடியோ மூக்கைப் பிடித்துக்கொண்டு முதல்முறையாக அரை நிமிடம் பேசாமல் இருந்தாள். நெட்டை வேண்டுமென்றே குப்பியருகில் குனிந்தான்.

மேடம் அவன் தோளைப் பிடித்து இழுத்தார். "விளையாடாத. இது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமா இருந்தாத்தான் நாறும். நிறைய இருந்தா மூக்கு மரத்துப் போயிடும், நாத்தமே தெரியாது. போயிடுச்சுன்னு நினைப்போம். போயிருக்காது."

மூன்றாவது வாரம் ஏழு. அன்று சாப்பிடும்போது வாண்டு அண்ணனிடம் கேட்டாள்.

"அண்ணா, ஏரிக்குள்ள போற குழாயோட வாய் எத்தன ஆழத்துல இருக்கு?"

"அஞ்சு மீட்டர். ஏன், இறங்கி அளக்கப் போறியா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். ஒன்பது, எட்டு, ஏழு. இப்படியே ஏறினால் இரண்டு வாரத்தில் கோடு குழாயின் வாய்க்கு வந்துவிடும்.

"அதெல்லாம் குளோரின் போட்டா சரியாயிடும். நீ சாப்பிடு. தட்டுல இருக்கறதுக்கும் ஒரு கோடு போட்டுத் தரவா?" என்றான்.

மேடம் குடிநீர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வரைபடத்தின் நகலையும் இணைத்தார். அதில் தண்ணீரின் நிறம், நாற்றம், குடிப்பவர்களுக்கு வரக்கூடிய வயிற்றுக் கோளாறு எல்லாம் இருந்தன. கிணற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர்கள் எல்லாரும் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தையே நினைத்தார்கள். அது கடந்து போகும் இடத்தில் நிற்கும் ஆட்களை ஒருவரும் நினைக்கவில்லை.

நான்காவது வாரம் கோடு ஆறுக்கு வந்தது. அந்த வாரம் வீட்டில் அண்ணி அண்ணனின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு அவள் போட்ட வெள்ளி மோதிரம் அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது.

"என்னங்க இது? போன வாரம்தான் தேச்சுக் கொடுத்தேன்."

"வேர்வை பட்டிருக்கும்," என்றான் அண்ணன்.

சனிக்கிழமை டீ குடிக்கப் போனபோது வாண்டு அந்த ஜன்னல் இல்லாத அறைக்குள் எட்டிப் பார்த்தாள். லேசாக நாறியது. இரும்பு மூடியின் விளிம்பையொட்டி இரண்டு எலிகள் மல்லாந்து கிடந்தன. ரத்தம் இல்லை, காயம் இல்லை. ஆபரேட்டர் ஒரு பழைய அட்டையால் அவற்றை அள்ளிக்கொண்டு, "மருந்து நல்லா வேல செய்யுது," என்று வெளியே போனார். வீட்டுக்கு நடந்து வரும்போது வாண்டு அண்ணனிடம் பேச்சோடு பேச்சாக, "எலி மருந்து வச்சிருக்கீங்களா?" என்றாள்.

"நான் வைக்கல. அவரு வச்சிருப்பாரு."

அவர் வைக்கவில்லை. அண்ணன் வைத்திருப்பான் என்று அவர் நினைத்திருந்தார். இது பின்னால் அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

ஐந்தாவது வாரம் கோடு ஐந்தில் நின்றது. அதே வாரம் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. மேடம் அதைப் படகில் வைத்துப் படித்துக் காட்டினார். குடிநீரின் தரம் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளது. மாணவர்கள் முழுமை பெறாத தகவல்களைப் பொதுமக்களிடையே பரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது.

"செவிடன் காதுல ஊதின சங்கு," என்றாள் ரேடியோ.

"அவங்க கிட்ட பதில் இருக்கு, நம்ம கிட்ட எண் இருக்கு. இன்னும் ரெண்டு வாரம் எடுப்போம். அப்புறம் துறைத்தலைவர் மூலமா மறுபடி எழுதறேன்," என்றார் மேடம். கடிதத்தை நான்காக மடித்தபோது அவர் கை கொஞ்சம் அவசரப்பட்டது. "அதுவரைக்கும் வெளிய யார் கிட்டயும் பேச வேண்டாம்."

ஏரி அன்று கண்ணாடி மாதிரி கிடந்தது. ஒரு பறவைகூட இறங்கவில்லை. கரையோரத்தில் மீன்கள் தண்ணீருக்கு மேலே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பொரி கேட்பது போல இருக்கிறது என்றான் நெட்டை.

வியாழக்கிழமை காற்று ஆரம்பித்தது. எத்தனையோ மாதம் கழித்து வந்த காற்று. ஊரே ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டது. வெள்ளி முழுக்க அடித்தது. சனிக்கிழமை காலையிலும் நிற்கவில்லை. பம்ப் ஹவுஸ் பக்கமிருந்து எதிர்க்கரையை நோக்கி ஒரே திசையில் தள்ளிக்கொண்டே இருந்தது. இந்தக் காற்றில் படகு வேண்டாம் என்றார் மேடம். அவரும் ரேடியோவும் எதிர்க்கரைக்குப் பஸ்ஸில் போனார்கள். வாண்டுவும் நெட்டையும் பம்ப் ஹவுஸை ஒட்டித் தண்ணீருக்குள் நீண்டிருந்த நடைமேடையில் நின்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எண்களை எடுத்து ஃபோனில் சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு.

நடைமேடைக்குக் கீழே தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. பச்சை போய், பால் கலந்த சாம்பல். காற்று வீசும்போதே நாற்றம் அடித்தது. தூண்களைச் சுற்றி மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. உள்ளங்கை நீளத்திலிருந்து முழங்கை நீளம் வரை.

நெட்டை ஒயரை இறக்கினான். முதல் நாடா தண்ணீரைத் தொட்டது.

"சைபர்," என்றான்.

"ரெண்டாவதுக்குப் போ."

"இல்ல வாண்டு. ஒண்ணுலயே சைபர்."

அவள் மேடத்தைக் கூப்பிட்டாள். எதிர்க்கரையில் ஏழு மீட்டர் வரை ஆக்சிஜன் இருந்தது.

மேடத்தின் குரல் ஃபோனில் அவசரமாக வந்தது. "காத்து மேல் தண்ணியெல்லாத்தையும் இந்தப் பக்கம் தள்ளிடுச்சு. அடித்தண்ணி உங்க பக்கம் ஏறி வந்திருக்கு. இப்ப அந்தக் குழாய்க்குள்ள போறது பூரா அதுதான். ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தச் சொல்லு. உடனே."

ஓடினாள். பூட்ஸ் வழியில் ஒருமுறை தடுக்கியது. பம்ப் ஹவுஸ் கதவைத் தள்ளித் திறந்தபோது உள்ளே மோட்டார் சத்தமே இல்லை. எப்போதும் அதிர்ந்துகொண்டிருக்கும் தரை அசையாமல் கிடந்தது.

ஜன்னல் இல்லாத அறையில் அண்ணன் குந்தியிருந்தான். மூடி திறந்து முட்டுக்கம்பியில் சாய்ந்திருந்தது. அவன் கையில் ஒரு வாளிக் கயிறு.

"நீ எங்க இங்க?" என்றான். "சல்லடை பூரா செத்த மீனு. மோட்டார் ரெண்டும் நின்னுடுச்சு. ஆபரேட்டர் அண்ணன் எடுத்துப் போட இறங்கியிருக்காரு."

"எப்ப இறங்கினாரு?"

"இப்பத்தான். அஞ்சு நிமிஷம் இருக்கும். மூடியத் திறந்தப்ப நாத்தம் குடலைப் பிடுங்குச்சு. இப்ப அடங்கிடுச்சு, ஒண்ணும் தெரியல."

வாசலில் நின்ற வாண்டுவுக்குக் கண் எரிந்தது. தொண்டை வரைக்கும் அந்த அழுகிய முட்டை நாற்றம் நிறைந்திருந்தது. அண்ணனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் கண்கள் சிவந்து, இமையோரத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

"அவரைக் கூப்பிடு," என்றாள்.

"அண்ணே," என்று அவன் குழிக்குள் குரல் கொடுத்தான். "அண்ணே, வாளிய இழுக்கவா?"

பதில் இல்லை. கயிற்றை ஆட்டினான். அது தொளதொளவென்று வந்தது. சுவரில் தொங்கிய டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தான். வாண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஆபரேட்டர் ஏணியின் அடியில், இடுப்பளவு தண்ணீரில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை மார்பில் தொங்கியது. வேலை நடுவில் அசந்து தூங்கிவிட்டவர் மாதிரி இருந்தார். ஒரு கையில் ஸ்பேனர்.

"மயங்கிட்டாரு," என்று சொல்லிக்கொண்டே அண்ணன் ஒரு காலை ஏணியில் வைத்தான்.

"அண்ணா, இறங்காத. கீழ விஷவாயு இருக்கு."

"ஒரு நிமிஷம். தூக்கிட்டு வந்துடறேன்."

"உன்னால முடியாது. நாலு படி இறங்கினா நீயும் விழுந்துடுவ. அண்ணா, சொல்றதக் கேளு."

அவன் கேட்கவில்லை. இரண்டாவது காலும் உள்ளே போனது. வாண்டு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். பின்னாலேயே வந்துவிட்ட நெட்டை அவனுடைய கக்கத்துக்கு அடியில் கைகொடுத்து இழுத்தான். மூன்று பேரும் தரையில் உருண்டார்கள். அண்ணன் திமிறி எழுந்து மறுபடி குழியை நோக்கிப் போனான். கால் பின்னியது. குடித்தவன் மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்கடா. அவரு சாகறாரு."

பிறகு நடந்ததை யோசித்துச் செய்ததாக வாண்டு எந்த விசாரணையிலும் சொன்னதில்லை. அவள் முட்டுக்கம்பியைக் காலால் எத்தினாள். இரண்டு ஆள் சேர்ந்து தூக்கும் இரும்பு மூடி படாரென்று விழுந்து குழியை அடைத்தது. அவள் அதன் மேல் போய் உட்கார்ந்தாள்.

அண்ணன் அவளைப் பார்த்த பார்வையை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எழுந்திருடி."

"மாட்டேன்."

ஓங்கி ஒரு அறை. அவள் உதடு கிழிந்தது. பின்னலைப் பிடித்து இழுத்தான். அவள் மூடியின் கைப்பிடி வளையத்தில் இரண்டு கைகளையும் கோர்த்துக்கொண்டு குப்புறப் படுத்தாள். சின்ன வயதிலிருந்து அவளை ஒரு கையால் தூக்கி வளர்த்தவனுக்கு அன்று அவளை அசைக்க முடியவில்லை. அவன் கையில் பலம் இல்லை.

அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. இரும்பின் மேல் இரும்பு. டங்.

அண்ணன் பின்னலை விட்டான்.

டங். சற்று நேரம் கழித்து, டங்.

"உயிரோட இருக்காரு," என்றான் அண்ணன். அவன் குரல் குழந்தையின் குரல் மாதிரி இருந்தது. "வாண்டு, கேட்டுச்சா? உயிரோட இருக்காரு. விடும்மா."

வாண்டு கத்த ஆரம்பித்தாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. நெட்டை அண்ணனை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். வெளியே புல்லில் விழுந்து அண்ணன் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் வாண்டுவின் கை வளையத்தை விட்டது. தலை சுற்றிக்கொண்டு வந்தது. தவழ்ந்தே வெளியே வந்தாள். வந்தவள் கதவை இழுத்துச் சாத்தி, முதுகை அதற்குக் கொடுத்து உட்கார்ந்தாள்.

நெட்டை ஃபோன் செய்திருந்த தீயணைப்பு வண்டி பதினெட்டு நிமிடத்தில் வந்தது. முதுகில் காற்று உருளையும் முகத்தில் மூடியும் மாட்டிய இரண்டு பேர் உள்ளே போனார்கள். ஆபரேட்டரைக் கயிற்றில் கட்டி மேலே கொண்டுவந்து புல்லில் கிடத்தினார்கள். அவருடைய சட்டையின் பித்தளைப் பொத்தான்கள் கறுத்திருந்தன. நெஞ்சை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டார். அண்ணனை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

தீயணைப்பு அதிகாரி வாண்டுவிடம் மூடியைப் பற்றிக் கேட்டார். அவள் உள்ளது உள்ளபடி சொன்னாள். "மூடி திறந்து கிடந்திருந்தாலும் அவருக்கு ஒண்ணும் மாறியிருக்காதும்மா. இந்த மாதிரி இடத்துல நாங்க ஒரு ஆளை எடுக்கப் போனா எப்பவும் ரெண்டு மூணு ஆளை எடுக்கறதுதான் வழக்கம்," என்றார். அவர் ஆறுதலுக்குச் சொல்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு எல்லாரும் வந்தார்கள். ஏரிப் பக்கமே எட்டிப் பார்க்காத அதிகாரிகள் மூக்கில் கைக்குட்டையோடு கரையில் நடந்தார்கள். பம்ப் ஹவுஸுக்குப் பூட்டு விழுந்தது. மூன்று வாரம் ஊருக்கு லாரியில் தண்ணீர் வந்தது. வாண்டுவின் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாக நகல் எடுத்தார்கள். பாதுகாப்பு விதிகளை மீறி ஆபரேட்டர் தானாகவே இறங்கியதாக முதல் அறிக்கை சொன்னது. மேடம் தன்னுடைய கடிதத்தையும் வந்த பதிலையும் எடுத்துக்கொண்டு விசாரணைக்குப் போய் நின்ற பிறகு அந்த வரி மாறியது. அன்று விசாரணை முடிந்து படியில் இறங்கும்போது, "லெட்டர் போட்டதோட என் வேல முடிஞ்சதுன்னு இருந்துட்டேன். உங்க வாயையும் மூட வச்சேன்," என்றார் மேடம். இல்லை மேடம் என்று சொல்ல வாண்டுவுக்கு வாய் வரவில்லை.

வீட்டில் அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். கோபமாக இல்லை. அவள் அறைக்குள் வந்தால் அவனுக்கு வெளியே ஏதோ வேலை வந்துவிடும். சாப்பாட்டுக்கு அவள் உட்கார்ந்தால் அவனுக்குப் பசி இருக்காது. கேலி இல்லாத அந்த வீட்டில் தட்டும் கரண்டியும் படும் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"எத்தன நாளைக்கு இப்படி?" என்று ஒருநாள் அண்ணி அவனிடம் கேட்டாள். "அவ மட்டும் அன்னைக்கு அங்க இல்லன்னா நான் இப்ப யாரோட பேசிட்டிருப்பேன்?"

"அது எனக்குத் தெரியாதா?" என்றான் அவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆபரேட்டரின் மனைவி வந்தார். கையில் ஒரு துணிப்பை. அண்ணனிடம் ஆபரேட்டர் எப்போதோ இரவல் வாங்கிய மழைக்கோட்டை மடித்துக் கொண்டுவந்திருந்தார். "உங்களோடதுன்னு சொல்லியிருந்தாரு. இருக்கட்டும்னு வச்சுக்க மனசு வரல," என்றார். அண்ணி அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவர் டம்ளரை உடனே வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். ஊரில் இப்போது எல்லாருக்கும் அந்தப் பழக்கம் வந்திருந்தது.

கொஞ்ச நேரம் மகனைப் பற்றி, வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசினார். பிறகு வாண்டுவின் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கணும்மா. தப்பா எடுத்துக்காத. மூடி விழுந்ததுக்கு அப்புறம்... அவரு ஏதாவது சத்தம் கொடுத்தாரா?"

அண்ணன் கதவருகில் நின்றிருந்தான். இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று வாண்டு காத்திருந்தாள். பொய் சொல்வதில்லை என்றும் முடிவு செய்திருந்தாள். தீயணைப்பு அதிகாரியிடமும் விசாரணையிலும் யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்காததால் அவளும் சொல்லவில்லை. அவள் வாயைத் திறந்தாள்.

"இல்லக்கா," என்றான் அண்ணன். "ஒண்ணும் கேக்கல. நான் டார்ச் அடிச்சுப் பாத்தப்பவே அவரு போயிட்டாரு. அதுக்கு அப்புறம்தான் மூடி விழுந்துச்சு."

அந்த அம்மாள் அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "சரிப்பா. கஷ்டப்படாம போயிருக்காரு," என்று சொல்லி எழுந்தார். போகும்போது வாண்டுவின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனார். அண்ணி தெருமுனை வரை அவரோடு நடந்தாள்.

வீட்டில் அண்ணனும் தங்கையும் மட்டும் இருந்தார்கள். அவன் வெளியே போகவில்லை. மழைக்கோட்டைப் பையிலிருந்து எடுத்தான். திரும்பவும் பைக்குள் வைத்தான். பிறகு அவளுக்கு எதிரே தரையில் வந்து உட்கார்ந்தான். நாற்பது நாளுக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். உதட்டில் இருந்த தழும்பைப் பார்த்தான்.

"உனக்கு எத்தன தடவ கேட்டுச்சு?" என்றான்.

"மூணு."

அவன் தலையை அசைத்தான்.

"நீ கத்திட்டிருந்த," என்றான். "நாலு."